ரோபோ காரும் பழைய ட்ராம் வண்டியும்



பிள்ளைகள் செய்யும் ரோபோ கார்களில் மோட்டார் சுழன்றதும் ஆர்டுயினோ போர்டு நின்று, திரும்பத் தொடங்குவதை அடிக்கடி காண்கிறோம். போர்டு பழுதென்று புதிது வாங்கிக் கொடுத்த பெற்றோரும் உண்டு. பற்றரி பலவீனமில்லையென்றால், இது நூறு வருடங்களுக்கும் மேற்பட்ட பழைய பிரச்சினை.

1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் ரயில் தண்டவாளங்களையே தந்திக் கம்பியாகப் பாவிக்க முயன்றார். மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து போனது. அந்தத் தோல்வியில்தான், மின்சாரம் திரும்பி வர மண்ணே போதும், ஒரு கம்பி மிச்சம் என்று கண்டுகொண்டார். ஆரம்பகாலத் தொலைபேசிகளும் அதே வழியில் போயின.

1888இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஸ்பிரேக் மின்சார ட்ராம்களை ஓடவிட்டார். பிறகு நகரத்துக்கு நகரம் ட்ராம். அவற்றின் பெரிய மின்னோட்டமும் தண்டவாளத்தாலும் மண்ணாலும் திரும்ப, தொலைபேசியில் கேட்டதெல்லாம் இரைச்சல். கம்பனிகள் வழக்குப் போட்டுப் பார்த்தன. ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டாவது கம்பி இழுத்த பிறகுதான் தொல்லை தீர்ந்தது. செலவோ பெரியது!

நமக்குச் செலவு ஒரு துண்டு வயர். மோட்டார் மின்னோட்டம் போர்டின் மெல்லிய கிரவுண்ட் வயரால் திரும்பினால், அதிலேயே வோல்ட்டளவு விழுந்து போர்டின் பூச்சியம் ஆடிப்போகும். மோட்டார் டிரைவரின் கிரவுண்டைத் தடித்த வயரால் நேரே பற்றரியின் மறை முனைக்குக் கொண்டுபோங்கள். போர்டின் கிரவுண்ட் தனி வயரில் அதே முனைக்கு வரட்டும். இரண்டையும் சேர்க்காமலே விட்டால் டிரைவருக்குச் சமிக்ஞை புரியாது. சேர்ப்பது அந்த ஓரிடத்தில் மட்டும்.