திரும்பாதே என்னும் விதி

1918 ஜூலை 9 அன்று, வட பிரான்சின் ஓஸி-லெ-ஷாத்தோ விமானத் திடலிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் போர் விமானி ஜேம்ஸ் மக்கடன், சற்று நேரத்திலேயே பக்கத்துக் காட்டில் விழுந்து இறந்தார். அவருக்கு வயது 23. எதிரியை வென்றதாக 57 கணக்குகள் அவர் பெயரில் இருந்தன. மெக்கானிக்காக இருந்து விமானியானவர் என்பதால் என்ஜினையும் நன்கு அறிந்தவர். நேரில் கண்டவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று முரண்பட்டாலும், என்ஜின் பழுதானதும் அவர் திடலுக்கே திரும்ப முயன்றார் என்ற விளக்கமே பரவலாக ஏற்கப்பட்டது. அத்தனை தேர்ந்த கையையும் அந்தத் திருப்பம் விழுங்கியது என்றால், குறையைத் திறமையில் தேடிப் பயனில்லை. நூறாண்டு விபத்து வரலாறு காட்டுவது இதைத்தான்: தாழ்ந்த உயரத்தில் என்ஜின் நிற்பதைவிட, நின்றதும் திரும்பத் துடிக்கும் மனமே ஆபத்தானது. அந்த மனத்தைத் தரையிலேயே கட்டிவைக்க வேண்டும்.

அன்றைய என்ஜின்கள் நம்பத் தகாதவை. சாப்வித் கேமல் விமானம் மேலெழுந்தவுடன் எரிபொருள் கலவையின் அளவைக் கையால் திருத்தாவிட்டால் என்ஜின் திணறி நின்றுவிடும். புதிய விமானிகள் பலர் அந்த நொடியில் மாண்டார்கள். என்ஜின் நின்று வேகம் குறைந்த விமானத்தைச் சாய்த்துத் திருப்பினால் இறக்கை தூக்குவிசையை இழக்கும், அதுவே ஸ்டால். ஒரு பக்க இறக்கை முந்திக்கொண்டு சரிந்தால் விமானம் சுழன்றபடி விழும். 1912 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானி வில்ஃப்ரெட் பார்க் அத்தகைய சுழற்சியிலிருந்து மீண்டு காட்டினார். 1917-இல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் விமானி ராபர்ட் ஸ்மித்-பாரி தொடங்கிய பயிற்சிப் பள்ளி அந்த மீட்பை முறையாகவே கற்றுக்கொடுத்தது. ஆனால் மீள்வதற்கு உயரம் வேண்டும். கிளம்பிய சில நொடிகளில் அந்த உயரம் இருப்பதில்லை. நேராகச் சென்று இறங்கு என்ற பாடம் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

எதிரே வீடுகளும் மரங்களும் இருக்கும்போது நேராகச் செல்வதும் சாவுதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பதில் வேகத்தில் இருக்கிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் சீராக மூன்று மீட்டருக்குள் நின்றால், உள்ளிருப்பவர் மீது விழும் விசை ஏறத்தாழ 8.4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 8.4 மடங்கு. உடல் தாங்கக்கூடிய அளவு. 160 கிலோமீட்டரில் அதே பாதுகாப்புக்கு நான்கு மடங்கு தூரம் வேண்டும். இறக்கைகள் சமமாக இருக்க, கட்டுப்பாட்டோடு வேலியில் மோதுபவர் பிழைக்க வாய்ப்புண்டு. சுழன்று தலைகுப்புற விழுபவருக்கு அநேகமாக அது இல்லை. மேலும் திரும்புவது வெறும் 180 பாகைத் திருப்பமன்று. ஓடுபாதையின் நேர்கோட்டுக்கு வர அதற்கும் மேல் திரும்பியாக வேண்டும். 45 பாகை சாய்ந்தால் ஸ்டால் ஆகும் வேகம் 19 விழுக்காடு உயரும். எதிர்க்காற்றும் பின்காற்றாக மாறும்.

இந்த விதிக்கு வலுவான மறுப்பு 1995-இல் வந்தது. அமெரிக்கக் கடற்படை அகாடமியின் டேவிட் ராஜர்ஸ், 45 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகத்தை ஒட்டித் திரும்பினால் போதிய உயரத்தில் ஓடுபாதைக்குத் திரும்புவது சாத்தியம் என்று கணக்கிட்டுக் காட்டினார். 2018-இல் அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டுதலும் இதைப் பயிற்சியில் சேர்க்கச் சொன்னது. கணக்கு சரிதான். ஆனால் அதிர்ச்சியில் கழியும் நொடிகளிலும் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும்; ஸ்டாலின் விளிம்பில் ஓட்டும் நிதானமும் அப்போது எளிதில் வாய்க்காது. 2015-இல் சான்டா மோனிகாவில் கிளம்பிய நடிகர் ஹாரிசன் ஃபோர்டு, என்ஜின் சக்தி இழந்ததும் திரும்பத் தொடங்கினார். எட்டாது என்று உணர்ந்து கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். காயம் பலமாக இருந்தும் உயிர் பிழைத்தார். எனவே புதிய கணக்கு பழைய விதியைத் தள்ளிவிடவில்லை. அதன் எல்லையைத் தெளிவாக்கியிருக்கிறது. இந்த விமானத்துக்கு, இன்றைய காற்றில், எந்த உயரத்துக்குக் கீழே திரும்பக் கூடாது என்பதை என்ஜினைக் கிளப்பும் முன்பே ஒவ்வொரு விமானியும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.