வசனத்துக்கு விட்ட இடம்: 1970களின் குற்றப்பட இசை ஓயாத கதை

1974இல் வெளியான ‘தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ’ படத்துக்கு டேவிட் ஷயர் அமைத்த இசை, படம் ஓடிய காலத்தில் இசைத்தட்டாக வரவே இல்லை. 1996இல்தான் முதன்முதலாகக் குறுந்தகடாக விற்பனைக்கு வந்தது. நான்கு பேர் நியூயார்க் சுரங்க ரயிலைக் கடத்தி, பத்து லட்சம் டாலர் கேட்கிற கதை. அதற்கான பாட்டில்லாத பின்னணி இசையை இருபத்திரண்டு ஆண்டு கழித்துக் காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தது எப்படி? பழையதின் மீதான ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த ஏக்கம் அந்தப் பத்தாண்டின் எல்லா வகைப் படங்களுக்கும் பொதுவானது. குற்றப்பட இசைக்கு வாய்த்த மறுவாழ்வோ மற்றவற்றுக்கு அதே அளவில் வாய்க்கவில்லை.

இந்த இசையின் ஆயுளுக்குக் காரணம் அது கட்டப்பட்ட விதம் என்பதே இக்கட்டுரையின் வாதம். திரையில் பேசுகிறவர்களுக்காக நடுவில் இடம் விட்டு அமைக்கப்பட்ட இசை இது. பின்னாளில் அந்த இடத்தில் வேறு குரல்கள் வந்து குடியேறின.

முந்தைய தலைமுறை அப்படி இடம் விடவில்லை. ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) படத்தில் மிக்லோஷ் ரோஜாவின் ஆர்கெஸ்ட்ரா, கொலைகாரனின் மனசாட்சிக்கு வரிக்கு வரி உரை எழுதிக்கொண்டே போகும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வாத்தியக்காரர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்த காலம் அது. ஆள் இருக்கிறார்கள், வாசிக்க வைத்தார்கள். 1958இல் இசைக்கலைஞர் சங்கத்தின் வேலைநிறுத்தத்தை ஒட்டி அந்த நிரந்தர ஆர்கெஸ்ட்ராக்கள் கலைந்தன. அதன்பின் படத்துக்குப் படம் வேண்டிய ஆட்களை மட்டும் கூப்பிட்டார்கள். வந்தவர்களில் கணிசமானோர் ஜாஸ் பழகியவர்கள். தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள், கேட்டால் அங்கேயே கற்பனையும் செய்வார்கள்.

அதே 1958இல் தொலைக்காட்சியில் ‘பீட்டர் கன்’ என்ற துப்பறியும் தொடர் தொடங்கியது. ஹென்றி மான்சினி அதன் டைட்டில் இசையில் ஒரு சின்னத் துணுக்கைக் கீழ் ஸ்தாயியில் மாறாமல் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே பித்தளைக் கருவிகளைக் கத்தவிட்டார். கதாபாத்திரத்தின் மனத்தைப் பற்றி அந்த இசை எதுவும் சொல்வதில்லை. யாரோ போய்க்கொண்டிருக்கிறார்கள், ஏதோ நடக்கப் போகிறது, அவ்வளவுதான். அந்த இசைத்தட்டுக்குத்தான் சிறந்த ஆல்பத்துக்கான முதல் கிராமி விருது கிடைத்தது. அதற்குச் சற்று முன்பு, 1957 டிசம்பரில், பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் இயக்குநர் லூயி மாலின் படத்துக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டே டிரம்பெட் ஊதிப் பதிவு செய்திருந்தார். சிறு குழு, இரவு நேரத் தெரு, அவசரமில்லாத இசை என்ற சேர்க்கை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் உருவானது.

எழுபதுகளுக்கு இதைக் கொண்டு சேர்த்தவர் லாலோ ஷிஃப்ரின். 1932இல் புவனோஸ் ஐரிஸில் பிறந்து, பாரிஸில் செவ்வியல் இசை படித்து, டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் பியானோ வாசித்தவர். ‘புல்லிட்’ (1968) படத்தின் கார் துரத்தலில் அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் இரண்டு கார்களும் ஒன்றையொன்று மெதுவாக நோட்டம் விடும் வரை இசை இருக்கிறது. வேகம் எடுக்கும் கணத்தில் இசை நின்றுவிடுகிறது. அதன் பிறகு டயரும் என்ஜினும்தான். மூன்று ஆண்டு கழித்து ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷ’னில், புரூக்ளினில் மேம்பால ரயிலுக்கு அடியில் கார் பறக்கும் புகழ்பெற்ற காட்சிக்கும் இசை கிடையாது. அதன் இசையமைப்பாளர் டான் எல்லிஸ் விசித்திரமான தாளக் கணக்குகளுக்குப் பேர்போன டிரம்பெட் கலைஞர். வாசிக்கத் தெரியாமல் விட்டவர் அல்லர். ரீ-ரெக்கார்டிங்கில் எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு வித்தை என்று தெரிந்த தலைமுறை இது.

ஷிஃப்ரினின் ‘டர்ட்டி ஹாரி’யில் (1971) கொலைகாரன் ஸ்கார்ப்பியோ வரும்போது சொல்லில்லாத பெண் குரல்கள் மிதக்கும்; அடியில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் நறுக்கென்று வெட்டும். போலீஸ்காரனுக்கு வீர இசை இல்லை. கடைசியில் அவன் பேட்ஜைத் தண்ணீரில் எறியும்போது மின்பியானோ ஒன்று சோர்வாக ஒலிக்கிறது. இந்தப் படத்தின் அரசியல் வெளியானபோதே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. இசை அந்த அரசியலுக்குக் கைகட்டி நிற்கவில்லை என்பது என் எண்ணம். ‘யார் பக்கம் நில்’ என்று அது நமக்குச் சொல்வதே இல்லை.

இங்கே கொஞ்சம் ஒலியியல் பேசியாக வேண்டும். மனிதர் பேசுவது விளங்குவதற்கு மிகத் தேவையான அதிர்வெண்கள் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை. பழைய தொலைபேசி அந்த அளவைத்தான் கடத்தியது. வயலின் கூட்டம் பெரும்பாலும் அதே பரப்பில்தான் உட்கார்ந்திருக்கும். எனவே யாராவது வாய் திறந்தால் வயலின்கள் அடங்க வேண்டும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தியோ 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுகளின் சிலிர்ப்பு பேச்சுக்கு வெகு மேலே. இரண்டையும் ஓடவிட்டு நடுவை வெறுமையாக வைத்தால், வசனத்தின் அடியில் இசை நிமிடக்கணக்கில் தொல்லையில்லாமல் போகும். அவ்வப்போது ஒரு டிராம்போன் வெட்டு, ஒரு புல்லாங்குழல் கீற்று போதும். எழுபதுகளின் குற்றப்பட இசை என்றதும் காதில் வரும் அந்தக் கட்டமைப்பு, ரசனையில் பிறந்ததைப் போலவே இந்த வேலைத் தேவையிலும் பிறந்தது.

ஆனால் அன்றைய தியேட்டரில் இதில் பாதி கேட்டிருக்காது. பெரும்பாலான அரங்குகளில் ஒரே வழி ஒலி. உச்ச அதிர்வெண்களை மழுங்கடிக்கும் 1930களின் ஒலித்தரமே நடைமுறையில் இருந்தது. டால்பி ஸ்டீரியோ எழுபதுகளின் நடுவில்தான் வருகிறது. ஹை-ஹாட்டின் கூர்மையும் பேஸின் ஆழமும் வீட்டில் இசைத்தட்டு போட்டவருக்குத்தான் முழுதாகக் கிடைத்தன. படத்தை விட்டு இசை தனியே நடக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ஷாஃப்ட்’ (1971) இதற்கு நல்ல சாட்சி. ஐசக் ஹேய்ஸ் படத்துக்காக ஹாலிவுட்டில் பதிவு செய்ததை, மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் இசைத்தட்டுக்காக மீண்டும் வாசித்துப் பதிந்தார். படத்தின் தொடக்கத்தில் டைம்ஸ் சதுக்கத்தில் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நாயகன் ரிச்சர்ட் ரவுண்ட்ட்ரீ படியேறி வருகிறார். ஹை-ஹாட் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் சார்ல்ஸ் ‘ஸ்கிப்’ பிட்ஸின் கிட்டார், வா-வா பெடலில் வாய் திறந்து மூடுவது போல முணுமுணுக்கிறது. இசைத்தட்டில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால்தான் ஹேய்ஸின் குரல் வரும். ஒரு வெற்றிப் பாட்டு இவ்வளவு நேரம் பாடகரில்லாமல் ஓடுவது அன்று அபூர்வம். 1972இல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் ஹேய்ஸுக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

கர்டிஸ் மேஃபீல்டின் ‘சூப்பர் ஃப்ளை’ (1972) இன்னும் சுவாரசியமானது. கொக்கெய்ன் விற்பவனைக் கதாநாயகனாக்கிய படம் அது. மேஃபீல்டின் வரிகளோ அந்தத் தொழிலில் விழுந்தவர்களுக்காக இரங்குகின்றன. ‘ஃபிரெடிஸ் டெட்’ பாடல் படத்தில் குரலில்லாமல் வாத்தியமாக மட்டுமே ஒலிக்கிறது. பாடிய வடிவம் தட்டில் மட்டும். படத்தில் பாடப்படாததால் அது ஆஸ்கர் பரிந்துரைக்கும் தகுதி பெறவில்லை. அந்த இசைத்தட்டு படத்தைவிட அதிகம் சம்பாதித்தது. படம் காலி விட்ட இடத்தில் இசையமைப்பாளரே தன் மறுப்பைப் பாடி நிரப்பிக்கொண்ட இந்த நிகழ்வை, பின்னால் வரப்போகிற ராப் கலைஞர்களின் முன்னோட்டமாகவே பார்க்கிறேன்.

அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம் பணம் இன்னும் குறைவு. ‘கெட் கார்ட்டர்’ (1971) படத்தின் இசைக்கு ராய் பட்டுக்குக் கிடைத்தது 450 பவுண்ட் என்கிறார்கள். மூன்று பேர் வாசித்தார்கள். பட் ஹார்ப்சிகார்டையும் மின்பியானோவையும் ஒரே சமயத்தில் தானே வாசித்தார், ஒருவர் டபுள் பேஸ், இன்னொருவர் தபலா. லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் போகும் ஒரு ரவுடியின் பயணத்துக்குத் தபலா எதற்கு என்று தோன்றலாம். கேட்டுப் பாருங்கள்: தண்டவாளத் தடதடப்பு எங்கே முடிகிறது, தபலா எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. 1981இல் ஹ்யூமன் லீக் குழு இதை சிந்தசைசரில் வாசித்துத் தங்கள் ‘டேர்’ ஆல்பத்தில் சேர்த்தது.

இத்தாலியின் கதை வேறு. 1969 டிசம்பர் 12 அன்று மிலான் பியாட்சா ஃபொன்தானாவில் வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதிலிருந்து 1978இல் முன்னாள் பிரதமர் அல்தோ மோரோ கொல்லப்பட்டது வரையிலும் அதற்குப் பிறகும் அந்த நாடு குண்டுகளுக்கும் கடத்தல்களுக்கும் நடுவில் வாழ்ந்தது. மிலான், ரோம், நேப்பிள்ஸ் என்று ஊர்ப் பெயரைத் தலைப்பில் தாங்கிய போலீஸ் படங்கள் மழையாகக் கொட்டின. உண்மையைச் சொன்னால் அவற்றில் பலவற்றை இன்று உட்கார்ந்து பார்ப்பது கடினம். இசை அப்படியல்ல. இயக்குநர் எலியோ பெத்ரியின் படத்துக்கு 1970இல் என்னியோ மொரிக்கோனே மாண்டலினையும் நம் மோர்சிங்கின் உறவான சிசிலிய மரன்சானோவையும் கொண்டு, சட்டத்துக்கு மேலே தன்னை நிறுத்திக்கொண்ட போலீஸ் அதிகாரியைக் கேலிச்சித்திரம் ஆக்கினார். பெர்னாந்தோ தி லேயோவின் ‘மிலானோ காலிப்ரோ 9’ (1972) தொடக்கத்தில் ஒரு பொட்டலம் மிலான் தெருக்களில் கைமாறிக் கைமாறிப் போகிறது. அந்தப் படத்தின் இசை, லூயிஸ் பகலோவின் ஆர்கெஸ்ட்ராவும் நேப்பிள்ஸின் ஒசன்னா ராக் குழுவும் மோதிக்கொண்டு பிறந்தது. (பகலோவும் அர்ஜென்டினாக்காரர், ஷிஃப்ரினைவிட ஒரு வயது இளையவர். இரு கண்டத்துக் குற்றப்பட இசையிலும் அந்த நாட்டின் கை இருப்பது தற்செயல்தானா என்பது தனி ஆய்வுக்குரியது.) இத்தாலியில் அன்று வசனத்தைப் படப்பிடிப்பில் பதிவதில்லை, எல்லாம் பின்னால் சேர்ப்பதுதான். ஆகவே தெருவின் இரைச்சலையும் இசையே தர வேண்டியிருந்தது. அமெரிக்கர்கள் நிறுத்திய இடத்தில் இத்தாலியர்கள் முடுக்கியதை அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

இந்த மரபின் உச்சம் ‘பெல்ஹாம்’. பன்னிரண்டு ஸ்வரத்தில் ஒன்று திரும்பி வருவதற்குள் மற்ற பதினொன்றும் வந்தாக வேண்டும் என்பது ஷோன்பெர்க் 1920களில் வகுத்த விதி. பொதுவாகச் சபையில் தலைவலி என்று பெயரெடுத்த முறை. ஷயர் அந்த வரிசையைப் பித்தளைக் கருவிகளிடம் கொடுத்துவிட்டு, கீழே பேஸில் கால் தானாகத் தாளம் போடும் ஃபங்க் துணுக்கு ஒன்றை ஓடவிட்டார். மேலே எந்த ஸ்வரமும் நிலைகொள்வதில்லை. கீழே எதுவும் அசைவதில்லை. குழம்பியும் குழம்பாமலும் ஓடுகிற அன்றைய நியூயார்க் நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரிந்து இல்லை.

முடிவு எழுபதுகளின் பிற்பகுதியிலேயே தொடங்கியது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு வந்து பெரிய இசையை மீட்டது. அதை அமைத்த ஜான் வில்லியம்ஸ், ‘பீட்டர் க’னில் பியானோ வாசித்த அதே ஆள்! இன்னொரு பக்கம் சிந்தசைசர், குழுவே வேண்டாம் என்றது. ஜான் கார்பென்டர் ‘அசால்ட் ஆன் ப்ரீசிங்ட் 13’ (1976) படத்துக்குத் தானே உட்கார்ந்து வாசித்துவிட்டார்.

பத்தாண்டு கழித்து அந்தப் பழைய தட்டுகள் அரை விலைப் பெட்டிகளிலிருந்து வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு கருவி. பழைய பதிவுகளிலிருந்து ஒலித் துணுக்குகளை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட உதவுவது சாம்பிளர். 1987இல் வந்த எஸ்.பி.-1200 சாம்பிளரில் மொத்தம் சுமார் 10 விநாடி ஒலியைத்தான் சேமிக்கலாம். ராப் இசை செய்கிறவருக்கு வேண்டியது இரண்டு மூன்று விநாடித் துணுக்கு. நடுவில் யாரும் பாடக் கூடாது. ஓயாமல் சுழற்றினாலும் சலிக்கக் கூடாது. மேலே பேச இடம் இருக்க வேண்டும். வசனத்துக்கு அடியில் ஓடுவதற்கென்றே அமைத்த இசை வேறென்ன? ஹேய்ஸ் ‘டஃப் கைஸ்’ (1974) படத்துக்கு அமைத்த ஒரு மென்மையான கிட்டார் துணுக்கின் மேல் 1991இல் கெட்டோ பாய்ஸ் தங்கள் பயங்களைப் பேசினார்கள். ஷிஃப்ரின் ‘மிஷன்: இம்பாசிபி’ளுக்கு எழுதிய துணுக்கு ஒன்று 1994இல் போர்ட்டிஸ்ஹெட் குழுவின் ‘சவர் டைம்ஸ்’ ஆனது. 1991இல் நியூயார்க் நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்பிளைத் திருட்டு என்றே தீர்த்தபின் ஒவ்வொரு துணுக்குக்கும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. உரிமையாளர்கள் தங்கள் பழைய நாடாக்களைத் தேடித் தூசி தட்டினார்கள், மறுவெளியீடுகள் பெருகின. குவென்டின் டாரன்டினோவின் ‘ஜாக்கி பிரவுன்’ (1997), 1972இல் பாபி வோமாக் ஹார்லெம் படமொன்றுக்குப் பாடியதை எடுத்து, லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் நடைபட்டையில் நிற்கும் நடிகை பாம் கிரியரின் முகத்தின் மேல் போட்டது. அப்போது இது ஒரு பொது ரசனையாகவே ஆகிவிட்டது.

இதே பாதையில் பம்பாய் இசையும் போனது. 1999இல் அமெரிக்காவில் டான் தி ஆட்டோமேட்டர் கல்யாண்ஜி–ஆனந்த்ஜியின் குற்றப்படத் துணுக்குகளை வெட்டி ஒட்டி ஓர் ஆல்பம் செய்தார். அவர்கள் ‘டான்’ (1978) படத்துக்கு அமைத்த ‘யே மேரா தில்’ 2005இல் பிளாக் ஐட் பீஸ் பாட்டுக்குள் புகுந்தது. ‘டான்’ கதை 1980இல் தமிழில் ‘பில்லா’ ஆனபோது எம்.எஸ். விஸ்வநாதன் பம்பாய் மெட்டுகளை விட்டுவிட்டுப் புதிதாகவே போட்டார். 2007இல் படத்தை மறுபடி எடுத்தபோது கதைக்களம், காட்சி, உடை எல்லாம் மாறின. ஆனால் ‘மை நேம் இஸ் பில்லா’வை விட மனமில்லாமல் யுவன் சங்கர் ராஜா புதுத் தாளத்தில் திரும்பக் கொண்டுவந்தார்.