பட்டத்துக்கு முன்பே வந்த வேலை

கிளிநொச்சியின் உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று கேட்டால்தான் வீட்டுக்கு வழி சொல்வார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி எழுந்த குடியேற்ற ஊர் அது. அங்கே ஒருவருக்கு மனம் குழம்பினால் நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள், வற்றாப்பளை அம்மனிடம் கூட்டிப்போனார்கள். அதற்கும் மிஞ்சினால் அங்கொடை மனநல மருத்துவமனை. உளவியலை ஒரு பாடமாகப் படித்தவர் என்று யாராவது ஊருக்குள் இருந்தால், அவர் ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் படித்து வந்த பள்ளிக்கூட வாத்தியார்தான்.

வெளியுலகில் அது வேகமாக வளர்ந்த துறை. 1879இல் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வுகூடம் அமைத்தார். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தொடங்கின. கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னிக்கு அந்தப் படிப்பைக் கொண்டுவந்தது போர்.

அயலிலுள்ள யாழ்ப்பாணத்தில் 1987இல் சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் உருவானது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பதிவு செய்து 1998இல் நூலாக்கினார். கையில் பட்டமில்லாத தொண்டர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவதுதான் அந்தக் காலத்தில் நடக்கக்கூடிய காரியமாக இருந்தது.

2002 போர்நிறுத்தம் ஒரு வாசலைத் திறந்தது. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் வடகிழக்கில் 420 மாணவர்களிடம் ஆய்வு செய்தார்கள். நூற்றுக்கு 92 பேர் ஷெல்வீச்சு, குண்டுவீச்சு, கண்ணெதிரே உறவினரின் சாவு போன்ற ஏதோ ஒன்றைக் கடந்திருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. உள்ளூர் ஆசிரியர்கள் சிலர் இதற்கான உளவளத்துணையில் பயிற்றப்பட்டார்கள். தரையில் ஒரு கயிற்றை நீட்டிவைப்பார்கள். அதுதான் பிள்ளையின் வாழ்நாள். நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு பிள்ளை ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் கதை சொல்ல, ஆசிரியர் அவசரப்படுத்தாமல் கேட்டு எழுதுவார். ஆழிப்பேரலைக்குப் பின் இந்த முறையையும் தியானத்தோடு கூடிய தளர்வுப் பயிற்சியையும் 31 பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் முதல் முறையில் நூற்றுக்கு 81 பேரும், இரண்டாவதில் 71 பேரும் தேறியிருந்தார்கள். மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காரும் பழக்கம் இவ்வளவு தூரம் கைகொடுத்திருக்கிறது என்பதை உளவியல் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும்.

2009 சனவரி 2இல் கிளிநொச்சி படையினர் வசமானது. உருத்திரபுரத்துச் சனம் அதற்கு முன்பே கூரைத் தகட்டையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே போய்விட்டது. பிறகு முள்ளிவாய்க்கால், அதன்பின் செட்டிகுளத்து முகாம்கள். 2010இல் வெளியான சோமசுந்தரத்தின் வன்னி ஆய்வு, நோயாளிகளைத் தனித்தனியாக எண்ணுவதோடு நிற்கவில்லை. குடும்பம், அயல், ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் எல்லாமே உடைந்ததை அது கூட்டு வடுவாகக் கண்டது.

அந்த வடு இன்னும் ஆறவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். உடல் கிடைக்காமல் எப்படி அந்தியேட்டி செய்வது? மரணச் சான்றிதழ் வாங்கினால் பிள்ளை இல்லையென்று தாயே ஒப்புக்கொண்டது போலாகிவிடுமே. வியட்நாம் போரில் தொலைந்த அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். துக்கத்தை முடிக்கச் சொல்லி இவர்களை நெருக்குவது உதவாது என்பது அவருடைய முடிவு. கிளிநொச்சித் தாய்மாருக்கு அது புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமல்ல.

இன்று இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் உளவியலில் சிறப்புக்கலைமாணிப் பட்டம் பெற நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும். முடித்தவருக்குப் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை அல்லது சிறுவர் உரிமை சார்ந்த உத்தியோகம், தொண்டு நிறுவன வேலை, ஆசிரியத் தொழில் என்று சில வழிகள் உண்டு. ஆனால் மருத்துவ உளவியலாளராக இலங்கை மருத்துவ சபையில் பதிய முதல் பட்டம் போதாது; அதற்கு மேற்பட்டப் படிப்பு வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அது ஆங்கிலத்தில் நடக்கிறது. நோயாளி அழுவது தமிழில். அந்தப் பயிற்சி கிளிநொச்சி வைத்தியசாலையிலேயே, தமிழில், கயிறும் பூவும் கல்லும் வைத்து வேலை செய்த அந்த ஆசிரியர்களையும் விரிவுரைக்கு அழைத்து நடத்தப்பட வேண்டும்.