இரண்டு அட்டைகள், ஒரு பலகை

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் தொடங்கிய பின்னர், மென்பொருள் வேலை என்றாலே சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதியில் மெல்லத் தளர்ந்தது. இப்போது இளைஞர்களிடம் அடுத்த ஆசை அரும்பியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை வாடகைக்குப் பெறாமல், தம் வீட்டுக் கணினியிலேயே இயக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு இரண்டு கிராபிக்ஸ் அட்டைகள் பொருத்துவதற்கேற்ற மதர்போர்டு, அதாவது தாய்ப்பலகை, எது என்று பழைய மாணவர்கள் சிலர் தம் பிள்ளைகளுக்காக என்னிடம் கேட்கிறார்கள். பொருளியல் படித்தவனிடம் கேட்கத்தக்க கேள்விதான். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்தராத நிரப்புப் பண்டங்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில், இரண்டு அட்டைகள் எதற்கு? கணினி விளையாட்டுக்காக என்றால் வேண்டாம். இரு அட்டைகளை இணைத்துக் காட்சியின் வேகத்தைக் கூட்டும் எஸ்.எல்.ஐ. முறையை என்விடியா 2004-இல் கொண்டுவந்தது. புதிய விளையாட்டுகள் அம்முறையைக் கைவிட்டுவிட்டன. 2022-இல் வந்த 4090 அட்டையில் அதற்கான இணைப்பு முனையே இல்லை. ஆகவே, பழைய பலகையின் பெட்டியில் எஸ்.எல்.ஐ. முத்திரை இருப்பதைக் காட்டி எவரேனும் விலை கூட்டினால் ஏற்க வேண்டியதில்லை.

மொழி மாதிரிகளின் கணக்கு வேறு. அங்கே நினைவகத்தின் அளவே முதன்மை. 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை நான்கு பிட் அளவுக்குச் சுருக்கினாலும் 35 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். 24 ஜிகாபைட் கொண்ட 3090 அட்டை ஒன்றில் அது அடங்காது; இரண்டில் அடங்கும்.

இனி பலகைக்கு வருவோம். செயலியிலிருந்து அட்டைக்குத் தரவு செல்லும் பாதையை பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்பர். அதில் பல தடங்கள் உண்டு. நான்காம் தலைமுறையில் ஒரு தடம் நொடிக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 2 ஜிகாபைட் கடத்தும். 16 தடங்கள் 32 ஜிகாபைட். வீட்டுப் பயன்பாட்டுக்கான செயலிகள் கிராபிக்ஸ் அட்டைக்கென்று பொதுவாக 16 தடங்களையே தருகின்றன. எனவே, இரண்டு அட்டைகள் என்றவுடன் இது பங்கீட்டுச் சிக்கலாகிவிடுகிறது.

ஏமாற்றம் நேரும் இடமும் இதுவே. விலை குறைந்த பலகைகளிலும் நீளமான ஸ்லாட்டுகள் இரண்டு இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால், முதலாவதற்கு 16 தடங்களும் போய்விடும். இரண்டாவதற்கு நான்கு தடங்கள், சில பலகைகளில் ஒன்றே ஒன்று. அதுவும் செயலியிலிருந்து நேராக வராமல், சிப்செட் வழியாக, சேமிப்பகமும் யு.எஸ்.பி.யும் நெரிசலிடும் பொதுப் பாதையில் வரும். இன்டெல்லின் பி760 வகையில் செயலியின் 16 தடங்களை இரண்டு எட்டுகளாகப் பிரிக்க வழியில்லை. இசட்790 வகையில் உண்டு. ஆனால், அவ்வகையிலும் எல்லாப் பலகைகளும் அவ்வசதியைத் தருவதில்லை. ஏ.எம்.டி. பலகைகளும் அவ்வாறே. தயாரிப்பாளரின் கையேட்டில் ஸ்லாட் பற்றிய பக்கத்தைத் தேடி, இரண்டிலும் அட்டை இருக்கும்போது 'எட்டு, எட்டு' எனக் குறித்திருக்கிறதா என்று பார்ப்பதே வழி. சென்னை ரிச்சி தெருவிலிருந்து தருவித்த பலகையைத் திருப்பி அனுப்புவது எளிதன்று என்பதால், இந்தப் பத்து நிமிட வாசிப்பைப் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

எட்டு, எட்டு கட்டாயமா? ஆயத்தமாக உள்ள மாதிரியை இயக்க மட்டும் என்றால், இல்லை என்பேன். மாதிரியின் அடுக்குகளில் ஒரு பாதியை ஓர் அட்டையிலும் மறுபாதியை மற்றதிலும் வைத்தால், ஒவ்வொரு சொற்கூறுக்கும் இடையே கடக்கும் தரவு சில பத்து கிலோபைட்டுகளே. நான்கு தடங்கள் அதற்குத் தாராளம். ஆனால், மாதிரியைப் பயிற்றுவிக்கும்போதும், ஒவ்வோர் அடுக்கையும் இரு அட்டைகளும் பகிர்ந்து கணக்கிடும்போதும் போக்குவரத்து பன்மடங்காகும்; அப்போது எட்டு, எட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நியாயமானது. த்ரெட்ரிப்பர் 7000 வரிசையில் 48 தடங்களுக்குக் குறையாமல் கிடைக்கும். அதன் பலகையும் செயலியும் சேர்ந்த விலையோ ஒரு கிராபிக்ஸ் அட்டையின் விலையைத் தாண்டிவிடும். நான்கு அட்டைகளுக்குத் திட்டமிடாதவர் அப்பக்கம் செல்வதில் பொருளில்லை. அந்தப் பணத்தில் கூடுதல் நினைவகமுள்ள அட்டையை வாங்கலாம்.

ஸ்லாட்டுகளுக்கு இடையிலான தொலைவைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் இடத்தின் அகலம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். மூன்று இடம் அடைக்கும் அட்டையை, மூன்று இடம் தள்ளி அடுத்த ஸ்லாட் உள்ள பலகையில் பொருத்தினால், மேல் அட்டையின் விசிறி கீழ் அட்டையின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும். நான்கு இடம் தள்ளியிருப்பது நலம். அப்போது பெட்டியின் அடிப்பகுதியிலும் இடம் இருக்கிறதா என்று அளந்துகொள்ள வேண்டும்.

குற்றாலச் சாரலுக்கு இதில் ஒரு பங்குண்டு. ஜூன் முதல் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, இயங்கிச் சூடாக இருக்கும் கணினியைத் தொந்தரவு செய்யாது. வாரக்கணக்கில் அணைத்துவைத்த கணினிக்குத்தான் கேடு. குளிரூட்டிய அறையின் சன்னலைத் திடீரெனத் திறந்தாலும் குளிர்ந்த உலோகத்தில் நீர் படியும்.

கடைசியாக மின்சாரம். 3090 அட்டை ஒன்றுக்கு 350 வாட், இரண்டுக்கும் 700. மற்றவற்றுடன் முழுச் சுமையில் 900 வாட்டை எட்டும். எனவே, 1,200 வாட் மின்வழங்கி வேண்டும். இச்சுமையை வீட்டுக் கணினிக்கான சிறிய யு.பி.எஸ். தாங்காது. நாளுக்கு எட்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 7.2 யூனிட். இரு மாதத்துக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டை இக்கணினி மட்டுமே இரண்டு வாரத்தில் தீர்த்துவிடும். அட்டையின் மின்வரம்பை மென்பொருள் வழியே 250 வாட்டாகக் குறைத்தால் வேகம் சிறிதளவே குறையும். மின்கட்டணமும் வெப்பமும் கணிசமாகக் குறையும். இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.