எண்ணத் தெரியாத நிரல்கள்

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியபோது தமிழுக்குப் பொதுக் குறியாக்கம் இல்லை. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும் டிஸ்கி, டாப், யூனிகோடு எனப் பல குறியாக்க வழிகள் நிலவின. 2008இல் வந்த பைத்தான் 3 என்ற நிரல்மொழிப் பதிப்பு பழைய நிரல்களோடு ஒத்துப்போகாமல் நின்றதன் நியாயம் இத்தகைய குழப்பத்தில்தான் இருக்கிறது. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தான் 2 வழக்கமாக 15 பைட் என்றது; பைத்தான் 3 யூனிகோடு குறிகளை எண்ணி 5 என்கிறது.

ஓடுகிற நிரலை ஏன் உடைக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. பைத்தான் 2க்கான ஆதரவு 2015இல் முடியாமல் 2020வரை நீண்டதே அந்தச் சுமைக்குச் சான்று. ஆனால் பைட்டையும் எழுத்தையும் குழப்பிய நிரல், பிழையை மறைத்துக்கொண்டே ஓடியது. மூன்றெழுத்தை ஐந்தென்னும் குறை இன்னும் உண்டு. அந்தக் குறையால், இதுவரை கடந்த தூரம் வீணாகாது.