மான்கொம்புப் பவளம்

மான்கொம்புப் பவளம் (அறிவியல் பெயர்: அக்ரோபோரா மியூரிகேட்டா) என்பது கிளைத்து வளரும் கற்பவள இனங்களுள் ஒன்றாகும். இது இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக் பெருங்கடலிலும் பரவலாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில் வாழ்கிறது. மதுரையிலிருந்து இப்பாறைகளுக்கு அருகிலுள்ள மண்டபம், ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் உள்ளது.

பெயரும் வகைப்பாடும்

1758 இல் லின்னேயசு இதனை மில்லெப்போரா என்னும் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். 1846 இல் டானா விவரித்த 'பார்மோசா' என்னும் இனம், இதன் இணைப்பெயராகப் பல வகைப்பாட்டு நூல்களில் கொள்ளப்படுகிறது. மன்னார் வளைகுடா பற்றிய பழைய ஆய்வேடுகளில் அக்ரோபோரா பார்மோசா என்ற பெயரே மிகுதியாகக் காணப்படுகிறது. எனவே பழைய, புதிய இனப்பட்டியல்களை ஒப்பிடுவோர் இரு பெயர்களையும் இரு இனங்களாக எண்ணிவிடக் கூடாது.

நகைகளில் பதிக்கப்படும் சிவப்புப் பவளம் வேறு பிரிவைச் சேர்ந்தது. அதன் மொட்டுயிரிகளுக்கு எட்டு உணர்கொம்புகள் உண்டு. கற்பவளங்களில் அவை ஆறின் மடங்காக அமைகின்றன.

அடையாளம் காணல்

ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தனிக் கிண்ணம் இருப்பது அக்ரோபோராப் பேரினத்தின் முதன்மை அடையாளமாகும். கிளை நீள்வது இந்த நுனிக் கிண்ணத்தினாலேயே. கிளையின் பக்கங்களில் குழாய் வடிவச் சிறு கிண்ணங்கள் நெருங்கி அமைந்திருக்கும். மான்கொம்புப் பவளத்தின் கிளைகள் உருளை வடிவானவை. மரம்போல் கிளைத்துப் புதராகப் படரும். நிறம் பெரும்பாலும் பழுப்பு, நுனி வெளிர்ந்திருக்கும்.

* போசில்லோபோரா: இதுவும் கிளைக்கும். ஆனால் நுனிக் கிண்ணம் இராது. கிளைகளின் மேல் மரு போன்ற புடைப்புகள் இருக்கும்.
* நெருப்புப் பவளம்: இது உண்மையான கற்பவளம் அன்று. மேற்பரப்பில் நுண்துளைகளே இருக்கும். தொட்டால் எரிச்சல் உண்டாகும்.

நிறம் மட்டும் கொண்டு இனத்தை உறுதி செய்ய இயலாது. ஒளி, அலை ஆகியவற்றுக்கேற்ப ஒரே இனத்தின் வடிவமும் மாறுபடும். ஆகவே கிண்ணங்களின் அமைப்பை உருப்பெருக்கியில் காண்பது இன்றியமையாதது.

வாழிடம்

இப்பவளத்தின் திசுக்களில் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் உணவளிக்கின்றன. எனவே ஒளி ஊடுருவும் ஆழம் குறைந்த தெளிந்த நீரே இதற்கு ஏற்றது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரையிலான 21 தீவுகளைச் சுற்றி இத்தகைய பாறைகள் அமைந்துள்ளன. கிளைகளின் இடைவெளிகள் சிறு மீன்களுக்கும் நண்டுகளுக்கும் புகலிடமாகின்றன.

அச்சுறுத்தல்கள்

சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் இப்பகுதியில் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலைகளைத் தடுக்கும் பாறைகள் அழிந்ததால் தீவுகள் அரிக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கின.

கோடையில் நீரின் வெப்பம் மிகும்போது நுண்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெருமளவு வெளுப்பு நிகழ்ந்தது. கிளைப்பவளங்கள் விரைந்து வளர்பவை. எனினும் வெளுப்பில் முதலில் பாதிக்கப்படுபவையும் அவையே. வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை. வெப்பம் விரைவில் தணிந்தால் மீளக்கூடும்.

கராஜீனன் என்னும் பொருளுக்காக வளர்க்கப்படும் கப்பாபைக்கசு என்ற அயல் கடற்பாசி, குருசடைத் தீவில் அக்ரோபோராப் பவளங்கள் மீது படர்ந்திருப்பதை மதுரை தியாகராசர் கல்லூரி ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்டனர். கிளைகளைப் பற்றிப் படரும் இப்பாசி ஒளியை மறைத்துப் பவளத்தைக் கொல்கிறது. கரையோர மக்களுக்கு வருவாய் தரும் பயிராகவும் இதுவே உள்ளதால், எங்கு வளர்ப்பது என்பது முக்கிய வினாவாகிறது.

பாதுகாப்பு

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், வளைகுடாப் பகுதி 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. கற்பவளங்கள் 2001 இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே கடலிலிருந்து இவற்றை ஒடித்து எடுப்பதும், விற்பதும் குற்றமாகும். உடைந்த கிளைத் துண்டுகளைச் சட்டங்களில் பொருத்தி நட்டு வளர்க்கும் மீட்புப் பணிகளுக்கு, விரைந்து வளரும் இத்தகைய கிளைப்பவளங்களே பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.