புத்ரா: நம்மூர் மசில் கார்

1964இல் அமெரிக்காவின் போன்டியாக் நிறுவனத்தில் ஒரு தில்லுமுல்லு நடந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் விதி போட்டிருந்தது. பொறியாளர்கள் டெம்பெஸ்ட் என்ற சாதுவான குடும்பக் காருக்குள் 389 கன அங்குல வி8 எஞ்சினை 'கூடுதல் வசதி' என்று கணக்கு எழுதி நுழைத்துவிட்டார்கள். அதுதான் ஜிடிஓ. மசில் கார் என்ற வகையே அங்கிருந்துதான் ஆரம்பம் என்று பலர் சொல்வார்கள். வி8 சத்தத்தை விட அந்தத் தில்லுமுல்லுதான் எனக்குப் பிடித்தது. அப்பா ஓட்டும் காருக்குள் தம்பிக்கான எஞ்சின்.

அதே ஜிடிஓவைக் கிள்ளானில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். 389 கன அங்குலம் என்றால் சுமார் 6,375 சிசி. தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான வழக்கமான ரோட்டேக்ஸ் விகிதப்படி, 3,000 சிசிக்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. பழைய கார்களுக்கான சலுகையை விட்டுவிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 17,000 வெள்ளியைத் தாண்டும். 1,834 சிசி எஞ்சினுக்கு? 297 வெள்ளி. நம்மூர் மசிலின் அளவைத் தீர்மானித்தது இந்தக் கணக்குதான்.

அந்த 1,834 சிசி, மிட்சுபிஷியின் 4ஜி93 எஞ்சின். இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு. 1996இல் புரோட்டோன் அதை ஒரு இரண்டு கதவுக் காருக்குள் வைத்து 'புத்ரா' என்று பெயரிட்டது.

பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். 1985இல் வந்த முதல் கார் சாகா. அது ஒரு மரத்தின் சிவப்பு விதை, நம் ஆனைக்குன்றிமணி. 1993இல் வீரா, அடுத்த ஆண்டு சத்ரியா, பிறகு பெர்டானா, புத்ரா. வீரன், சத்திரியன், பிரதானம், புத்திரன்! ஷா ஆலாம் தொழிற்சாலையிலிருந்து வந்த கார்களின் பெயர்களை நம் பாட்டிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவே தேவைப்படவில்லை. என்ன ஒன்று, இன்றைக்கு 'புத்ரா' என்று சொன்னால் புத்ராஜெயாவோ பழைய எல்ஆர்டி பெயரோதான் ஞாபகம் வரும். காடி ஞாபகம் வராது.

புகழெல்லாம் சத்ரியா ஜிடிஐக்குப் போய்விட்டது. அதே எஞ்சின் குடும்பம்தான். ஆனால் 1996இல் புரோட்டோன் லோட்டஸை வாங்கியிருந்ததால், இங்கிலாந்துக்காரர்கள் சஸ்பென்ஷனைச் சரிசெய்து, பின்னால் லோட்டஸ் பெயரையும் ஒட்டிக் கொடுத்தார்கள். வளைவுகளில் ஜிடிஐதான் நல்ல கார், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது 'நான் வேகமானவன்' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரும். புத்ரா அப்படி இல்லை. முன்னால் வீராவின் சாயல். பக்கவாட்டில் நீளமான ஒற்றைக் கதவு, பின்னால் சரியும் கூரை. தெரிந்தவன்தான் திரும்பிப் பார்ப்பான். இதன் அண்ணன்தம்பியான மிட்சுபிஷி மிராஜ் கூப்பே, அமெரிக்காவில் டாட்ஜ் கோல்ட் என்ற பெயரில் சிக்கனக் காராக விற்றது. சார்ஜர் செய்த அதே டாட்ஜ்! அங்கே கல்லூரிப் பிள்ளையின் மலிவுக் கார், இங்கே வந்து மசில் ஆனது.

விற்பனைக்குக் காலமும் சரியாக அமையவில்லை. வெளிவந்த மறு ஆண்டே நாணய நெருக்கடி. 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று கட்டிப்போட்டார்கள். அதோடு, தீபாவளிக்குப் பாட்டி, அம்மா, முறுக்கு டின் எல்லாவற்றையும் முன் இருக்கையை மடக்கிப் பின்னால் ஏற்ற வேண்டிய காடியை எந்த அப்பா வாங்குவார்?

மிச்சமிருப்பவற்றைத் தின்பதும் புத்ராவை ரசிக்கிற நாமேதான். 4ஜி93 வீராவுக்குள் பெரிய வம்பு இல்லாமல் உட்காரும். அதனால் ஒரு பழைய புத்ராவை வாங்கி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி வீராவுக்கு மாற்றிவிட்டு, உடலைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். காப்பார், மேரு பக்கத்துப் பட்டறைகளில் இது சாதாரணம்.

மேருவில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் இதைப் பற்றி வாதாடினேன். "காடின்னா ஓடணும் தம்பி. துருப்பிடிச்ச பாடியை வச்சு மாலை போடவா? வீராவுக்குள்ள போனா அந்த எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும்ல?" என்றார். போன்டியாக்காரர்கள் செய்ததும் அதுதானே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. எஞ்சினாவது ஜப்பானிலிருந்து ஆஃப்கட்டில் வருகிறது. அந்த நீளக் கதவை இப்போது யாரும் செய்வதில்லை.

அவர் பட்டறைச் சுவரோரம் ஒரு ஜோடி புத்ரா கதவு சாய்ந்து கிடந்தது. விலை கேட்டேன்.

"எஞ்சின் எடுத்தீங்கன்னா அதைச் சும்மாவே தூக்கிட்டுப் போங்க."